ஓடினால் முட்டி வலிக்கிறதா? வாசகர் கேள்வி – பதில்

ஓட்டக்காரர்களின் முழங்கால் வலி பற்றி வந்த கடிதங்களில், எந்த ஷூ, எந்தத் தைலம் என்று கேட்டவற்றை வேறோர் இதழுக்கு ஒதுக்கிவிட்டோம். மருத்துவரும் இயன்முறை மருத்துவரும் கையால் செய்யும் சோதனைகள் குறித்தவை மட்டும் இங்கே.

முதலில் ஒரு சொல் தகராறைத் தீர்த்துவிடலாம். நம் ஊரில் முட்டிக்குள் எலும்பு தவிர மற்ற எல்லாமே ‘ஜவ்வு’தான். எலும்போடு எலும்பைக் கட்டும் தசைநார் (ஏ.சி.எல். இந்த வகை), இரண்டு எலும்புக்கும் நடுவே மெத்தையாகக் கிடக்கும் பிறை வடிவ மெனிஸ்கஸ், எலும்பு நுனியில் வழவழப்பாகப் படர்ந்த குருத்தெலும்பு, சில்லுக்குக் கீழே இறங்கும் தசைநாண் என்று நான்கு உறுப்புகள் அந்த ஒரு சொல்லுக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. நான்குக்கும் சோதனை வேறு, வைத்தியம் வேறு. “ஜவ்வு போயிடுச்சு” என்று யாராவது சொன்னால் எந்த ஜவ்வு என்று கேளுங்கள். கீழே ‘சில்லு’ என்று வருவது முட்டியின் முன்னே அசையும் வட்ட எலும்பு.

கேள்வி: வயது 34. நான்கு மாதமாக ஓடுகிறேன். ஒரு மாதமாக முட்டிக்கு முன்னால் வலி. மாடிப்படி இறங்கும்போதும், ஒரு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்துவிட்டு எழும்போதும் பிடிக்கிறது. பரிசோதித்தவர் சில்லுக்கு மேலே கையால் அழுத்திக்கொண்டு தொடையை இறுக்கச் சொன்னார். உயிரே போய்விட்டது. “சில்லுக்கு அடியில் தேய்ந்துவிட்டது, ஓட்டத்தை விட்டுவிடுங்கள்” என்கிறார். விட வேண்டுமா? – ஆர். எஸ்., வேளச்சேரி

பதில்: உங்களுக்குச் செய்தது கிளார்க் சோதனை. வலியே இல்லாத இன்னொரு முட்டியிலும் அதே அழுத்தத்தோடு செய்யச் சொல்லுங்கள். அங்கும் முகம் சுளிப்பீர்கள். சில்லின் மேல்விளிம்பில் கை அழுந்தும்போது, கீழே இருக்கும் மூட்டுறை எலும்புக்கும் கைக்கும் நடுவே நசுங்குகிறது. நசுங்கினால் யாருக்கும் வலிக்கும். தவிர, குருத்தெலும்புக்கு வலி நரம்பே கிடையாது. அது தேய்ந்திருக்கிறதா என்பதை இந்த வலியை வைத்துச் சொல்ல வழியில்லை. பாடப்புத்தகத்தில் இன்னும் இடம்பெறுகிறது என்பதைத் தவிர இந்தச் சோதனைக்குப் பெரிய மரியாதை தரத் தேவையில்லை.

நீங்கள் சொல்லும் படி இறக்கமும் உட்கார்ந்து எழும் வலியும், ஓட்டக்காரர்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் ‘ரன்னர்ஸ் நீ’, அதாவது பேட்டெல்லோஃபெமொரல் வலியின் முகங்கள். இதற்குத் தனிப்பட்ட மந்திரச் சோதனை இல்லை. இருப்பதில் சிறந்தது மிக எளியது: குத்தவைத்து உட்காருவது. இந்த வலி உள்ளவர்களில் சுமார் 80 சதவீதம் பேருக்கு உட்கார்ந்து எழும்போது சில்லைச் சுற்றியோ சில்லுக்குப் பின்னாலோ வலி வருகிறது. முட்டி எத்தனை டிகிரி மடங்கியபோது வலி தொடங்கியது, பத்துக்கு எவ்வளவு என்று இரண்டையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஆறு வாரம் கழித்து முன்னேற்றத்தை அளக்க அதுதான் அளவுகோல்.

அடுத்தது படி இறங்கும் சோதனை. சுமார் 20 செ.மீ. உயரமுள்ள படியின் விளிம்பில் வலிக்கும் காலில் நின்று, மற்றக் காலின் குதிகால் தரையை லேசாகத் தொடும் வரை மெதுவாக இறங்கி ஏற வேண்டும், ஐந்து முறை. சோதிப்பவர் முன்னால் நின்று மூன்றைப் பார்ப்பார்: முட்டி பெருவிரலைத் தாண்டி உள்ளே சாய்கிறதா, இடுப்பு ஒரு பக்கம் சரிகிறதா, உடம்பு ஒரு பக்கம் ஒடிகிறதா. இங்கே பலர் செய்யும் தவறு, கீழிறங்கும் காலைத் தரையில் ஊன்றி அதிலேயே பாரத்தைப் போட்டுவிடுவது. குதிகால் தரையை முத்தமிட வேண்டும், மிதிக்கக் கூடாது. பிறகு இதையே, நெஞ்சைச் சற்று முன்னால் சாய்த்துச் செய்து பாருங்கள். சாய்ந்தால் பாரம் முட்டியிலிருந்து இடுப்புத் தசைகளுக்குப் போகும். வலி அந்த இடத்திலேயே குறைந்தால் வைத்தியம் எங்கே தொடங்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடுகிறது.

சில்லை வெளிப்பக்கமாகத் தள்ளும் சோதனையும் ஒன்று உண்டு. முட்டியை 20–30 டிகிரி மடக்கி வைத்துக்கொண்டு மெதுவாகத் தள்ள வேண்டும். அதில் கவனிப்பது வலியை அல்ல, பயத்தை. “ஐயோ, நழுவப்போகிறது” என்று தொடையை இறுக்கிக்கொண்டு கையைப் பிடிப்பவருக்குச் சில்லு முன்பு எப்போதோ விலகியிருக்கலாம். உங்களுக்கு அது இல்லையென்றால், நீர்க்கோப்பும் (மூட்டுக்குள் நீர் சேர்வது) இல்லையென்றால், ஸ்கேன் அவசியமில்லை. ஓட்டத்தை விடவும் வேண்டாம். தூரத்தைக் குறைத்து, இடுப்புக்கும் தொடைக்கும் வலுவூட்டும் பயிற்சியைத் தொடங்குங்கள். நிமிடத்துக்கு வைக்கும் அடிகளை 5 முதல் 10 சதவீதம் கூட்டுங்கள். இப்போது 160 என்றால் 168 முதல் 176. அடி குட்டையாகும், முட்டிக்கு வரும் பாரமும் குறையும்.

கேள்வி: கோத்தகிரியில் இருக்கிறேன். ஓடத் தொடங்கி நான்காவது கிலோமீட்டர் வரை ஒன்றுமில்லை. அதன்பின் முட்டியின் வெளிப்பக்கம் கத்தியால் கீறியது போல் வலிக்கிறது. இறக்கத்தில் மோசம். வேகமாக ஓடினால் வலி குறைவது எனக்கே வேடிக்கையாக இருக்கிறது. ஒருவர் ஐ.டி. பேண்ட் இறுகியிருக்கிறது என்கிறார், இன்னொருவர் மெனிஸ்கஸ் என்கிறார். – ஜே. பி.

பதில்: வேகமாக ஓடினால் குறைகிறது என்று எழுதினீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. இடுப்பின் வெளிப்புறத்திலிருந்து முட்டிக்குக் கீழ் வரை இறங்கும் தடித்த நார்ப்பட்டைதான் ஐ.டி. பேண்ட். முட்டி ஏறக்குறைய 30 டிகிரி மடங்கியிருக்கும் நேரத்தில் அது தொடை எலும்பின் வெளிப்புற முண்டில் நன்றாக அழுந்துகிறது. மெதுவாகவும் இறக்கத்திலும் ஓடும்போது பாதம் தரையில் விழும் தருணத்தில் முட்டி அந்த அளவுக்குள்ளேயே நிற்கிறது. வேகமாக ஓடும்போது அதைத் தாண்டி மடங்கியிருப்பதால் தப்பிக்கிறது. பட்டை எலும்பின் மேல் முன்னும் பின்னும் உரசுகிறது என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள். இப்போது உரசலைவிட அழுத்தமே காரணம் என்ற கருத்து வலுத்திருக்கிறது: பட்டைக்கு அடியில் நரம்பு நிறைந்த கொழுப்புத் திசு இருக்கிறது, அதுதான் நசுங்கி வலிக்கிறது.

இதற்கான சோதனை நோபிள் சோதனை. மல்லாந்து படுக்கவைத்து முட்டியை 90 டிகிரிக்கு மடக்க வேண்டும். மூட்டுக்கோட்டுக்கு (தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சந்திக்கும் பள்ளம்) 2–3 செ.மீ. மேலே, தொடை எலும்பின் வெளிப்புற முண்டில் கட்டைவிரலை அழுத்திவைத்துக்கொண்டு காலை மெதுவாக நீட்ட வேண்டும். 30 டிகிரியை நெருங்கும்போது, “இதே வலிதான், ஓடும்போது வருவது” என்று நீங்கள் சொன்னால் சோதனை நேர்மறை. வெறுமனே அங்கே வலிப்பது போதாது; அழுத்தினால் பலருக்கும் அங்கே கூசும். பழகிய வலி திரும்ப வர வேண்டும். கட்டைவிரல் இரண்டு சென்டிமீட்டர் கீழே இறங்கி மூட்டுக்கோட்டில் உட்கார்ந்துவிட்டால், சோதிப்பது மெனிஸ்கஸை. உங்கள் இரு மருத்துவர்களும் இரண்டு பெயர் சொன்னதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். நின்றபடி அந்த ஒற்றைக் காலில் முட்டியை 30–40 டிகிரி மடக்கி, யாரையாவது அதே முண்டை அழுத்தச் சொன்னாலும் தெரியும்.

‘இறுகியிருக்கிறது’ என்ற தீர்ப்பு ஓபர் சோதனையிலிருந்து வந்திருக்கும். பாஸ்டன் எலும்பு மருத்துவர் ஃபிராங்க் ஓபர் 1930-களில் இதை எழுதியது முட்டிக்காக அல்ல, கீழ்முதுகு வலிக்காக! ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேல் காலைப் பின்னால் கொண்டுபோய்த் தூக்கிப் பிடித்துக் கீழே விடுவார்கள். கால் இறங்காமல் அந்தரத்தில் நின்றால் பட்டை இறுக்கம் என்பார்கள். 2016-ல், தானமாகக் கிடைத்த உடல்களில் பட்டையையே அறுத்துவிட்டு இந்தச் சோதனையைச் செய்து பார்த்தார்கள். கால் இறங்கும் அளவு மாறவில்லை. இடுப்பின் பக்கவாட்டுத் தசைகளையும் மூட்டுறையையும் அறுத்தபோதுதான் மாறியது. அதாவது இது அளப்பது இடுப்பை. அதுவும், சோதிப்பவர் இடுப்பெலும்பை உருளவிடாமல் பிடித்திருந்தால் மட்டுமே. பட்டையை உருளையால் தேய்த்துத் தேய்த்து நீட்டிவிடலாம் என்று தினமும் கண்ணீர் விட்டுக்கொண்டிருப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

கேள்வி: உட்கார்ந்து எழும்போது முட்டியில் ‘நறநற’வென்று சத்தம். வலி இல்லை. – வி., தஞ்சாவூர்

பதில்: வலியும் வீக்கமும் இல்லாத சத்தத்துக்கு எந்தச் சோதனையும் வேண்டாம். ஓடுங்கள்.

கேள்வி: எனக்கு 52 வயது. 12 வருடமாக ஓடுகிறேன். அடி எதுவும் படவில்லை. முட்டியின் உள்பக்கம் லேசான வலி என்று எம்.ஆர்.ஐ. எடுத்தேன். “உள்பக்க மெனிஸ்கஸின் பின்கொம்பில் (பிறையின் பின்முனையில்) கிழிசல்” என்று வந்திருக்கிறது. கையால் திருகிப் பார்த்தவர் “கிளிக் ஏதும் இல்லையே” என்கிறார். யாரை நம்புவது, ஸ்கேனையா கையையா? – என். கே., மதுரை

பதில்: இரண்டையும் சேர்த்துத்தான். ஆனால் ஐம்பதைத் தாண்டியவரின் ஸ்கேனில் கிழிசல் இருப்பது நரைமுடி இருப்பதைப் போல. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகரில் 50 முதல் 90 வயதுவரை உள்ள 991 பேரின் முட்டியை எம்.ஆர்.ஐ. எடுத்து 2008-ல் வெளியிட்டார்கள். கிழிசல் தெரிந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தைய ஒரு மாதத்தில் வலியோ பிடிப்போ இருக்கவில்லை. ஆகவே ‘கிழிசல் இருக்கிறதா’ என்று கேட்பதைவிட ‘இந்த வலி அந்தக் கிழிசலால்தானா’ என்று கேட்க வேண்டும். அதற்கு விடை சொல்ல ஸ்கேனால் முடியாது, கையால் ஓரளவு முடியும். (அறிக்கையில் ‘கிரேடு 1’, ‘கிரேடு 2’ என்று மட்டும் இருந்தால் அது கிழிசலே அல்ல, மேற்பரப்பைத் தொடும் ‘கிரேடு 3’ தான் கிழிசல்.)

கை செய்வது என்ன? முதலில் மூட்டுக்கோட்டைத் தொட்டுப் பார்ப்பது. முட்டியை 90 டிகிரி மடக்கினால் சில்லுக்குக் கீழே தசைநாணின் இரு பக்கமும் இரண்டு குழிகள் தெரியும். உள்பக்கக் குழியில் விரலை வைத்து, எலும்புகளுக்கு இடையிலான பள்ளத்தைப் பிடித்தபடி பின்பக்கம் வரை நகர வேண்டும். ஒரு விரல் அகலத்துக்குள் சுருக்கென்று வலி நின்றால் பொருளுண்டு. முன்னிருந்து பின்வரை எல்லா இடமும் வலித்தால் மூட்டுத் தேய்மானத்தையும் யோசிக்க வேண்டும். கோட்டிலிருந்து சுமார் 5 செ.மீ. கீழே வலித்தால் அது மெனிஸ்கஸே அல்ல. அங்கே தொடைத் தசைநாண்கள் மூன்று வந்து ஒட்டும் இடம் இருக்கிறது.

உங்களுக்குத் திருகிப் பார்த்தது மெக்மரே சோதனை, லிவர்பூல் மருத்துவர் ஒருவரின் பெயரில் வழங்குவது. குதிகாலைப் பிடித்து முட்டியை முழுவதுமாக மடக்கி, பாதத்தை வெளிப்பக்கம் திருப்பியபடி நீட்டிக்கொண்டே வரும்போது உள்பக்க மூட்டுக்கோட்டில் வைத்த விரலுக்கு ஒரு ‘டக்’ தட்டுப்பட வேண்டும். தட்டுப்பட்டு, கூடவே வலித்தால் நம்பலாம். தட்டுப்படவில்லை என்பதால் கிழிசல் இல்லை என்று சொல்ல முடியாது. கிழிசல் உள்ள பலரை இது தவறவிடும். முட்டி முழுவதும் மடங்காதவருக்கு இதைச் செய்வதே வீண், ஏனென்றால் பின்கொம்பு அகப்படுவது கடைசி மடிப்பில்தான்.

நின்றபடி செய்வது தெசலி சோதனை, 2005-ல் கிரேக்க மருத்துவர்கள் அறிமுகப்படுத்தியது. சோதிப்பவரின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில், பாதம் தரையில் பதிய நின்று, முட்டியை 20 டிகிரி மடக்கி, உடம்பை இடமும் வலமும் மும்முறை திருப்ப வேண்டும். நல்ல காலில் முதலில். அறிமுகமானபோது மிக அருமையான முடிவுகள் சொன்னார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் அந்த அளவுக்குத் துணைநிற்கவில்லை. ஆனாலும் ஓட்டக்காரருக்கு இது பயனுள்ளது, பாரம் தாங்கும் நிலையில் கேட்கிறதே. மூட்டுக்கோட்டு வலி, மெக்மரே, தெசலி மூன்றில் இரண்டு ஒரே இடத்தைக் காட்டினால் மெனிஸ்கஸ்மேல் சந்தேகம் வலுக்கும். ஒன்றும் காட்டாமல் ஸ்கேன் மட்டும் காட்டினால், அறுவைக்கு அவசரம் வேண்டாம்.

விதிவிலக்கு ஒன்று: முட்டி மாட்டிக்கொண்டு நீட்டவே முடியாமல் போவது. குப்புறப் படுத்து, தொடை மட்டும் கட்டிலில் இருக்க, முட்டிக்குக் கீழே வெளியே தொங்கவிட்டு இரண்டு குதிகால்களின் உயரத்தைப் பாருங்கள். ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் ஒரு டிகிரி நீட்டக் குறைவு. கால் திடீரென 10, 15 டிகிரி நீட்ட முடியாமல் நின்றுவிட்டால் அந்த வாரமே எலும்பு மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: முட்டி ‘கனமாக’ இருக்கிறது. வீக்கமா, பிரமையா என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ள முடியுமா? – எஸ். எம்., ஈரோடு

பதில்: முடியும். காலை நீட்டிப் படுத்துத் தொடையைத் தளர்த்துங்கள். இன்னொருவர் உள்ளங்கையால் முட்டியின் உள்பக்கக் குழியிலிருந்து மேல்நோக்கி, தொடையை நோக்கி இரண்டு மூன்று முறை வழித்துவிட வேண்டும். உள்பக்கக் குழி வெறுமையாகும். உடனே தொடையின் வெளிப்பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒருமுறை வழிக்க வேண்டும். உள்பக்கக் குழியில் சிறு அலை போல நீர் திரும்பி வந்து புடைத்தால் மூட்டுக்குள் நீர் கோத்திருக்கிறது. வழித்தும் நீர் நகரவே மறுத்தால் நிறைய இருக்கிறது. விளக்கைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டால் அலை நன்றாகத் தெரியும். சில்லைத் தட்டிப் பார்க்கும் பழைய முறைக்கு நிறைய நீர் வேண்டும். கொஞ்ச நீரை அது பிடிக்காது.

இந்த ஒரு நிமிடச் சோதனைக்கு நாங்கள் அதிக மதிப்புத் தருகிறோம். ரன்னர்ஸ் நீ, ஐ.டி. பேண்ட், தசைநாண் வலி எதுவும் பொதுவாக மூட்டுக்குள் நீர் கோக்காது. நீர் இருந்தால் கோளாறு மூட்டுக்கு உள்ளே. நேரமும் முக்கியம்: முட்டி திருகிய இரண்டு மணி நேரத்துக்குள் பூசணி போல வீங்கினால் உள்ளே இரத்தம், ஏ.சி.எல். அறுந்திருக்கலாம் அல்லது எலும்பில் விரிசல் விழுந்திருக்கலாம். மறுநாள் காலையில் மெல்ல வீங்கினால் மெனிஸ்கஸ் பக்கம் பார்க்கலாம். காய்ச்சலோடு சூடாக வீங்கினால் சோதனை செய்துகொண்டிருக்காமல் மருத்துவமனைக்கு.

கேள்வி: காவலர் தேர்வின் 1500 மீட்டர் ஓட்டத்துக்குத் தயாராகிறேன். ஒரு மாதத்தில் தினம் 2 கி.மீ.யிலிருந்து 10 கி.மீ. வரை ஏற்றினேன், தார் ரோட்டில்தான். முட்டிக்குச் சற்றுக் கீழே உள்பக்கம் வலி. முதலில் ஓடும்போது மட்டும், இப்போது நடந்தாலும், இரவிலும். தசைப்பிடிப்பு என்று ஊசி போட்டார்கள். தேர்வுக்கு 5 வாரம் இருக்கிறது. – கே., விழுப்புரம்

பதில்: இன்றே ஓட்டத்தை நிறுத்துங்கள். நீங்கள் எழுதிய வரிசை, முதலில் ஓட்டத்தில், பிறகு நடையில், பிறகு படுக்கையில், எலும்பு அயர்ச்சி முறிவின் வரிசை. எலும்பு தன்னைப் பழுதுபார்த்துக்கொள்ளும் வேகத்தை முந்திக்கொண்டு நீங்கள் தூரத்தைக் கூட்டியிருக்கிறீர்கள்.

கீழ்க்கால் எலும்பின் மேல்பகுதி உள்பக்கத்தில் வரும் இந்த முறிவு, அதே இடத்தில் இருக்கும் தசைநாண் அழற்சி போலவே நடிக்கும். பிரித்தறிய விரல் நுனியால் எலும்பின் மேலேயே அங்குலம் அங்குலமாக அழுத்த வேண்டும். வலி சதையில் பரவலாக இல்லாமல் எலும்பில் ஓரிடத்தில் குத்தி நின்றால் சந்தேகம் வலுக்கும். ஒற்றைக் காலில் துள்ளிப் பார்க்கும் சோதனையை மருத்துவர் முன்னால் மட்டும், அதுவும் ஒரே ஒரு முறை. முதல் துள்ளலிலேயே அதே இடம் வலித்தால் நிறுத்திவிட வேண்டும். ‘பத்து முறை துள்ளு, பார்க்கலாம்’ என்பது மடத்தனம். வலி தொடை இடுக்கிலும் இருந்தால், அல்லது மல்லாந்து படுத்து இடுப்பையும் முட்டியையும் மடக்கிப் பாதத்தை வெளிப்பக்கம் தள்ளும்போது (இடுப்பு உள்பக்கம் திரும்பும்) இடுக்கில் வலித்தால், துள்ளவே கூடாது. தொடை எலும்பின் கழுத்தில் விரிசல் இருந்தால் ஒரு துள்ளலில் அது முழுதாக உடைந்துபோகலாம். அந்த நிலையில் ஊன்றுகோலோடுதான் ஸ்கேனுக்குப் போக வேண்டும்.

முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கலாம். ‘எக்ஸ்ரே நார்மல், ஓடு’ என்று சொன்னால் ஏற்காதீர்கள், எம்.ஆர்.ஐ. கேளுங்கள். 5 வாரம் போதுமா என்று நேராகவே சொல்வதானால், முறிவு என்று உறுதியானால் பெரும்பாலும் போதாது. அடுத்த தேர்வு வரும். முழுதாக உடைந்த கால் அதற்கும் உதவாது. இதே பயிற்சியில் இருக்கும் பெண்கள், எடை குறைக்கச் சாப்பாட்டைக் குறைத்து, மாதவிடாயும் நின்றோ தள்ளியோ போயிருந்தால் அதை மருத்துவர் கேட்காமலேயே அவரிடம் சொல்லுங்கள். பட்டினியில் எலும்பு தேறாது.

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. பள்ளியில் 800 மீட்டர் ஓடுகிறான். முட்டிக்குக் கீழே எலும்பு புடைத்திருக்கிறது, மண்டியிட்டால் அழுகிறான். கேன்சராக இருக்குமோ என்று தூக்கமே இல்லை. – ஒரு தாய், நாகர்கோவில்

பதில்: அம்மா, நீங்கள் எழுதியிருப்பது ஆஸ்குட்–ஷ்லாட்டர் நோயின் அடையாளம். இரு மருத்துவர்கள் 1903-ல் தனித்தனியே எழுதியதால் இரட்டைப் பெயர். தொடைத் தசை இழுக்கும் தசைநாண் வந்து ஒட்டும் இடத்தில், வளரும் எலும்பு இன்னும் இளசாக இருப்பதால் வலித்துப் புடைக்கிறது. அந்த முண்டின் மேலேயே அழுத்தினால் வலிக்கும். மடக்கிய காலை எதிர்ப்புக்கு எதிராக நீட்டச் சொன்னால் அதே இடத்தில் வலிக்கும். இரண்டும் இருந்தால் பெரும்பாலும் போதும். வளர்ச்சி முடிந்ததும் வலி போய்விடும், புடைப்பு மட்டும் சிலருக்குத் தங்கும்.

ஆனால் இந்த வயதுப் பிள்ளை முட்டி வலி என்று வந்தால் இடுப்பைத் தொடாமல் அனுப்பக் கூடாது. இடுப்பும் முட்டியும் ஒரே நரம்புகளைப் பகிர்ந்துகொள்வதால், இடுப்பில் பந்து எலும்பு வளர்ச்சித் தட்டிலிருந்து நழுவும் நோய் முட்டி வலியாகவே வெளிப்படும். மல்லாந்து படுக்கவைத்து, அவன் தொடையை மெதுவாக நெஞ்சை நோக்கி மடக்கிப் பாருங்கள். நேராக மடங்கினால் நல்லது. மடங்க மடங்கத் தொடை தானாக வெளிப்பக்கம் விலகிப்போனால், அல்லது நொண்டினால், மேற்கொண்டு நடக்கவிடாமல் அன்றே எலும்பு மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள். இடுப்புக்கு முன்புறமும் தவளைக்கால் நிலையிலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். உங்கள் பயத்துக்கும் பதில்: இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, ஓட்டத்தோடு தொடர்பில்லாமல் வளரும் கட்டி, எடை குறைவு, காய்ச்சல் இவற்றில் ஒன்று இருந்தாலும் முட்டிக்கு எக்ஸ்ரே உடனே வேண்டும்.

கேள்வி: இயன்முறை மருத்துவம் மூன்றாம் ஆண்டு மாணவி. சில்லுக்குக் கீழே உள்ள தசைநாண் வலிக்குச் சாய்பலகைச் சோதனை என்று படித்தோம். சமதரையில் செய்தால் ஆகாதா? சோதனைகளை எந்த வரிசையில் செய்வது? – டி., கோயம்புத்தூர்

பதில்: சமதரையில் ஒற்றைக் காலில் உட்காரும்போது கெண்டைக்கால் இறுக்கம் தடுக்கும்; உடம்பும் தந்திரமாகப் பின்னால் போய் இடுப்பில் பாரத்தைச் சாய்த்துவிடும். 25 டிகிரி சரிவில், விரல்கள் கீழே பார்க்க, குதிகால் மேலே இருக்க நிற்கவைத்தால் அந்த இரண்டு வழியும் அடைபட்டு, பாரம் நேராகத் தசைநாணில் விழுகிறது. உடம்பு நிமிர்ந்திருக்க வேண்டும். முட்டி 60 டிகிரி வரை போதும். வலி சில்லின் கீழ்முனையில் ஒரு விரலால் காட்டும்படி நின்று, ஆழம் கூடக் கூட ஏறினால் தசைநாண். உள்ளங்கையால் சில்லைச் சுற்றிக் காட்டினால் அது ரன்னர்ஸ் நீ. சாய்பலகை அதையும் தூண்டும் என்பதை மறக்காதீர்கள்.

தொட்டுப் பார்ப்பதிலும் ஒரு நுட்பம். காலை நீட்டித் தளரவிட்டு, ஒரு கையால் சில்லின் மேல்முனையை அழுத்தினால் கீழ்முனை சற்று மேலே எழும்பும். அப்போதுதான் மற்றக் கை அதன் அடியில் தசைநாண் தொடங்கும் இடத்தைப் பிடிக்க முடியும். அதே இடத்தை முட்டி 90 டிகிரி மடங்கியபோதும் அழுத்துங்கள். மடக்கும்போது வலி குறைந்தால் தசைநாண் கோளாறுக்கு ஆதரவு. ஆனால் நன்றாக விளையாடிக்கொண்டிருக்கும் பலருக்கும் அந்த முனை தொட்டால் வலிக்கும். தொட்டால் வலி என்பதை மட்டும் வைத்துப் பெயர் சூட்டாதீர்கள்.

வரிசை: முதலில் “ஒரு விரலால் காட்டுங்கள்”. பிறகு நடை, குத்தவைத்தல், படி இறக்கம். அதன்பின் படுக்கவைத்து நீர்க்கோப்பு, அசைவு, இடுப்பு, தசைநார்கள். வலியைக் கிளப்பும் மெக்மரேயும் நோபிளும் கடைசியில். முதலில் செய்தால் தொடை இறுகி, பின்னால் செய்யும் எல்லாச் சோதனையும் பொய் சொல்லும். எப்போதும் நல்ல காலை முதலில். தேர்வில் மதிப்பெண்ணுக்காக இருபது பெயர் எழுதலாம், நோயாளியிடம் ஏழெட்டுக்கு மேல் தேவைப்படாது.

கேள்வி: லாக்மன் சோதனையை வீடியோ பார்த்து வீட்டில் செய்யலாமா? கீழே விழுந்தால் எக்ஸ்ரே எப்போது வேண்டும்? – பி. ஆர்., சேலம்

பதில்: லாக்மன் வேண்டாம். ஏ.சி.எல். அறுந்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனை இது. முட்டி 20–30 டிகிரி மடங்கியிருக்க, ஒரு கை தொடையை அசையாமல் பிடிக்க, மறு கை கீழ்க்கால் எலும்பை முன்னுக்கு இழுக்க வேண்டும். பார்ப்பது எவ்வளவு நகர்கிறது என்பதைவிட, இழுப்பின் முடிவில் கயிறு ‘டக்’கென்று நிற்கிறதா, இல்லை களிமண்ணில் போவது போல நிற்காமல் போகிறதா என்பதை. பழகாத கைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. முறுக்கித் திரும்பாமல் நேராக ஓடும் ஒருவருக்கு ஏ.சி.எல். அறுவதும் அரிது.

எக்ஸ்ரேக்கு ஆட்டவா விதி இருக்கிறது. அடிபட்டபின் இவற்றில் ஒன்று இருந்தால் எடுக்க வேண்டும்: வயது 55 அல்லது அதற்கு மேல், வேறெங்கும் இல்லாமல் சில்லில் மட்டும் தொட்டால் வலி, முட்டிக்கு வெளிப்பக்கம் கீழே உள்ள சிறு எலும்பின் தலையில் தொட்டால் வலி, முட்டி 90 டிகிரி மடங்காமை, அடிபட்ட உடனேயும் மருத்துவமனையிலும் நான்கு எட்டு வைக்க முடியாமை. நொண்டிக்கொண்டு வைத்தாலும் அது எட்டுதான்.

கேள்வி: மூன்று பேரிடம் காட்டினேன். மேசையில் எல்லாச் சோதனையும் சரி என்கிறார்கள். ஆனால் 8 கி.மீ. ஓடினால் முட்டி வலி நிச்சயம். வலி கற்பனையா? – எச்., திருநெல்வேலி

பதில்: இல்லை. 8 கி.மீ.யில் வரும் வலியை, ஓய்வெடுத்து ஆட்டோவில் வந்து படுத்த முட்டியில் தேடினால் கிடைக்காது. ஒரு முட்டி 8 கி.மீ.க்குள் ஆயிரக்கணக்கான முறை பாரம் வாங்குகிறது, மேசையில் மூன்று முறை மடங்குகிறது. ஓடிய உடனே சோதித்தால் நோபிளும் படி இறக்கமும் பேசத் தொடங்கிவிடும். அப்படியும் பேசவில்லையென்றால் முதுகைப் பார்க்க வேண்டும். குப்புறப் படுக்கவைத்து குதிகாலைப் புட்டத்தை நோக்கி மடக்கும்போது, முட்டி மடக்கிய இழுவையாக இல்லாமல் தொடை முன்பக்கம் எரிச்சலாக ஓடி முட்டி வலி திரும்பினால், கீழ்முதுகு நரம்பு காரணமாக இருக்கலாம். முட்டியைச் சுற்றி மரத்துப்போனாலும் அப்படியே.

அடுத்த முறை காலை நேரத்துச் சந்திப்பாகக் கேட்டு வாங்குங்கள். முந்தைய நாளிலிருந்து வலி மாத்திரையும் வேண்டாம், தைலமும் வேண்டாம். 8 கி.மீ. ஓடிவிட்டு அரைக்கால் சட்டையோடு, வியர்வை காயும் முன் போய்ச் சேருங்கள். ஓடிய ஷூவைக் கழற்றாதீர்கள். பின்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் யாரையாவது இரண்டு நிமிட வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், ஒன்று முதல் கிலோமீட்டரில், மற்றொன்று வலி வந்தபின். கடைசி ஆறு வாரம் ஓடிய தூரங்களை ஒரு தாளில் எழுதி எடுத்துப்போங்கள்.